ஏலத்துக்குப் போன எங்கள் வீட்டுச் சாமான்கள்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து

பழைய படம், நாணயம், பித்தளைச் சாமான் இவற்றை ஏல நிறுவனம் மூலம் விற்றவர்களும் வாங்கியவர்களும் நம் பக்கத்தில் ஓரளவு இருக்கிறார்கள். ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. விற்றவர் 'தாத்தா சொத்தை வித்துட்டான்' என்ற பேச்சுக்குப் பயப்படுகிறார், வாங்கியவர் வருமான வரிக்குப் பயப்படுகிறார். சரி, நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

நமக்கு ஏலம் ஒன்றும் புதிதில்லை. கோயில் தென்னந்தோப்புக் குத்தகை ஏலம், சீட்டு ஏலம், வங்கி நகை ஏலம், திருவிழாவில் ராத்திரி மைக் வைத்து எவர்சில்வர் அண்டாவைக் கூவி விற்கிற ஏலக்கடை எல்லாம் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் பழம்பொருளை முறையாக ஏலம் விடுகிற நிறுவனம் என்றால் சென்னை, பெங்களூரு, மும்பை என்றுதான் போக வேண்டியிருக்கிறது. பொருள் இங்கே, ஏலம் அங்கே. இடையில் என்னென்ன நடக்கிறது என்பதுதான் கதை.

எங்கள் பூர்வீக வீடு குடமுருட்டிக் கரையில் ஓர் அக்ரஹாரத்தில் இருந்தது. விற்க முடிவானதும் பூஜை அறைத் தஞ்சாவூர்ப் படத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. நவநீதகிருஷ்ணன், இரண்டரை அடி உயரம். விளக்குப் புகையும் சாம்பிராணியும் ஏறிப் பாதி மறைந்துபோன குழந்தை, கையில் இருக்கும் வெண்ணெய் மட்டும் பளிச்சென்று தெரியும். பங்குதாரர்கள் ஐந்து பேர், படம் ஒன்று. விற்றுப் பிரித்துக்கொள்வதுதான் சண்டை வராத வழி.

வீட்டை வாங்கியவர் ஒரு பழைய சாமான் வியாபாரியை அழைத்து வந்தார். அவர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு எட்டாயிரம் என்றார். "பிரேம் தேக்கு சார், அதுக்குத்தான் இந்த விலை." பிரேமுக்காக வாங்குகிறவர் படத்துக்குள் ஏன் டார்ச் அடிக்கிறார்? தர மாட்டோம் என்று பெரியப்பா அங்கேயே சொல்லிவிட்டார்.

முதலில் ஒரு நிறுவனத்துக்கு போட்டோ அனுப்பினோம். '20-ஆம் நூற்றாண்டு, அலங்காரப் படம், 30,000 முதல் 40,000 வரை' என்று பதில் வந்தது. போட்டோவை மட்டும் பார்த்து அதற்கு மேல் யாரும் சொல்ல முடியாதுதான். இரண்டாவதாகக் கேட்ட இடத்திலிருந்து ஒரு பெண் நேரிலேயே வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. கிருஷ்ணன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே படத்தைக் குப்புறக் கவிழ்க்கச் சொன்னார். பின்பக்கம் பலாப் பலகை, மூன்று துண்டாகச் சேர்த்துக் குறுக்குச் சட்டம் வைத்துக் கையால் அடித்த ஆணி. பிளைவுட்டாக இருந்திருந்தால் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். ஓரத்தில் துணி லேசாகப் பிரிந்திருந்த இடத்தைக் காட்டி, "புளியங்கொட்டைப் பசை" என்றார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்களாம். பிறகு பிரேமைக் கழற்றி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, தங்கத் தகடுக்குக் கீழே புடைப்புக்காகப் பூசுகிற மக்கு என்ற பசைப் பூச்சு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு உயரம். தோள்வளையில் இரண்டு கல் மட்டும் ரோஸ் நிறத்தில் துருத்திக்கொண்டு நின்றன. "இது ரெண்டும் பிற்பாடு ஒட்டினது. பரவாயில்லை. வண்ணத்துல யாரும் கை வைக்கலை, அதுதான் நல்லது" என்றார். புதுப்பிக்கிறேன் என்று யாராவது முகத்துக்குப் புது வண்ணம் பூசியிருந்தால் விலை அங்கேயே சரிந்துவிடுமாம்.

இவ்வளவு சொன்னவர் அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "இது கோயில்ல இருந்து வந்தது இல்லைங்கிறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?"

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்டு சாமிக்கு நான் பில் வெச்சிருக்கணுமாம்மா?" என்றார். அந்தப் பெண் பதற்றப்படவில்லை. டெல்டாவிலிருந்து சாமி உருவத்தோடு எது வந்தாலும் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான், அதற்குப் பதில் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை, சில சமயம் விலையே இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

பதில் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 1920-களில் நடந்த ஒரு கல்யாணத்தின் குரூப் போட்டோ. கூடத்தில் எல்லாரும் விறைப்பாக நிற்கிறார்கள், பின்னால் சுவரில் இதே படம், இதே பிரேம். மாப்பிள்ளையின் தலைப்பாகை கிருஷ்ணனின் ஒரு காலை மறைக்கிறது, மற்றபடி எல்லாம் தெரிகிறது. போட்டோவின் அட்டையில் ஸ்டூடியோ முத்திரை. அத்தையிடம் விவரம் கேட்டு, யார் கல்யாணம், யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கேட்லாகில் படத்துக்கு அருகிலேயே அந்தப் போட்டோவையும் அச்சடித்து, '19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, தஞ்சாவூர் மாவட்டக் குடும்பச் சொத்து' என்று போட்டார்கள். மதிப்பீடு 1,50,000 முதல் 2,00,000. அதற்குக் கீழே போனால் விற்க வேண்டாம் என்று நாங்கள் வைத்த தொகை 1,20,000.

இடையில் பதிவு வேலை. தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-இல் வந்தது, 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. 100 வருடம் தாண்டியது தொல்பொருள், கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருடம். பழைய ஓவியமும் சிற்பமும் பதிவு செய்யவேண்டிய வகையில் வருகின்றன. போட்டோ, அளவு, எப்படிக் கைக்கு வந்தது என்ற விவரம் எல்லாம் கொடுத்துப் பதிவுச் சான்று வாங்க வேண்டும், விற்றால் கைமாறியதைத் தெரிவிக்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் இதை முடிக்காமல் உரிமம் உள்ள எந்த நிறுவனமும் கையில் எடுக்காது. 'அதெல்லாம் வேண்டாம் சார், நான் பாத்துக்கறேன்' என்று ஒருவர் சொன்னால் வாசலைக் காட்டிவிடுங்கள்.

ஏலத்தன்று பெரியப்பா வீட்டு டிவியில் நேரலை போட்டுப் பார்த்தோம். அங்கே இங்கிலீஷில் படபடவென்று ஓடுகிறது, இவர் சோபாவில் உட்கார்ந்து "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று எண்ணிக்கொண்டிருந்தார். மூணு தரம் சொல்ல வரும்போதெல்லாம் யாராவது ஏற்றிக் கேட்டுவிடுவார்கள், வாயை மூடிக்கொள்வார். கடைசியில் போனில் கேட்ட இருவருக்குள் போட்டி வந்து 2,40,000-இல் முடிந்தது.

ஆனால் கைக்கு வந்தது அவ்வளவு இல்லை. நிறுவனத்தின் கமிஷன் 10 சதவீதம், 24,000. கமிஷனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 4,320. கேட்லாக் போட்டோவுக்கு 2,500. மரப்பெட்டி அடித்து இன்சூரன்ஸோடு ஏற்றிப்போன செலவு 5,500. மிச்சம் 2,03,680. வாங்கினவரிடமும் தனியாக 15 சதவீதம் பிரீமியம், அதற்கு மேல் வரி என்று வாங்கினார்கள். இரண்டு பக்கமும் கை நீட்டுகிறார்களே என்று சித்தப்பா அடங்கவே இல்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. எட்டாயிரத்துக்குப் போயிருக்க வேண்டிய படம்.

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து

அண்ணா சொன்ன படம் ஒரு உலகம் என்றால் நாணயம் இன்னொரு உலகம். எனக்குப் பொறையார், தரங்கம்பாடிக்குப் பக்கம். 1620-இல் வந்த டேனிஷ்காரர்கள் 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை இங்கேயே காசு அடித்தார்கள். முதலில் ஈயக் காசு, பிறகு செம்பு. கடல் கொந்தளித்து மணலைப் புரட்டிப் போட்ட மறுநாள் கோட்டைக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டே நடக்கிற பிள்ளைகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

நான் கரையில் பொறுக்குகிற ஆள் இல்லை. அப்பாவும் அவருடைய நண்பர்களும் சேர்த்த தொகுப்பு, எந்தக் காசு யாரிடம் எந்த வருஷம் வாங்கியது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். மளிகைக் கணக்கு மாதிரி இருக்கும். மும்பையில் நாணயங்களுக்கென்றே இருக்கிற ஒரு ஏல நிறுவனத்துக்குக் கொடுத்தபோது அந்த நோட்டைத்தான் ரொம்ப நேரம் புரட்டினார்கள். காசில் மேலே கிரீடம் வைத்த மன்னரின் முத்திரை எழுத்தும், பின்பக்கம் இத்தனை காசு என்ற மதிப்பும் தெளிவாகத் தெரிகிறதா என்பதுதான் பாதி விலை. தெளிவானவற்றைத் தனித்தனியாக ஏலம் விட எண் போட்டுப் பிரித்தார்கள், தேய்ந்ததை எல்லாம் ஒரே கும்பலாகக் கட்டிவிட்டார்கள். தனியாகப் போட்டவை மதிப்பீட்டைத் தாண்டின. கும்பல் அடிமாட்டு விலைக்குப் போனது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தன்னிடம் இருந்த செம்புக் காசுகளை நிறுவனத்துக்குக் காட்டுவதற்கு முதல் நாள் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், பாவம். நூறு, இருநூறு வருடம் படிந்த பழுப்பு நிறம் போனால் நாணயம் வாங்குகிறவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். கோயில் குத்துவிளக்கு போல மின்னிய காசுகளைப் பார்த்து மதிப்பிட வந்தவர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று, சோழன் காசு. ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவத்தோடு நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. 'ஆயிரம் வருஷத்துக் காசு, லட்சக்கணக்கில் போகும்' என்று யூடியூபில் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறவர்கள் எனக்கே எத்தனையோ பேர். அந்தச் செம்புக் காசு ஏராளமாகக் கிடைக்கிறது, சாதாரண நிலையில் சில நூறு ரூபாய்க்கே போகும். வயதுக்கும் விலைக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான்.

வீடு கட்டக் குழி தோண்டும்போது பானையில் கிடைத்தது, வயலில் உழும்போது கிடைத்தது என்றால் அது வேறு விஷயம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 10 ரூபாய் மதிப்புக்கு மேல் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். ஏல நிறுவனம் 'எங்கிருந்து கிடைத்தது' என்று கேட்பது இதற்காகத்தான். அப்பாவின் நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் எனக்கும் திண்டாட்டம்தான்.

திருவாரூரிலிருந்து

நான் ஒரு இல்லத்தரசி, நிறுவனம் கேட்லாக் எல்லாம் எனக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் ஏலம் விட்டிருக்கிறோம், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே.

அம்மா போன பிறகு பாத்திரங்கள் மிஞ்சி நின்றன. அடுக்கு, தவலை, வெண்கலப் பானை, கும்பகோணம் வெற்றிலைச் செல்லம், ஈயச் சொம்பு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளைச் சங்கிலியோடு ஊஞ்சல். படங்களை ஒரு ஏல நிறுவனத்துக்கு அனுப்பியதற்கு மரியாதையாகவே பதில் போட்டார்கள். இந்த வகைச் சாமான் நிறையக் கிடைக்கிறது, கொண்டுவரும் வண்டிச் செலவுக்கே கட்டாது, ஊஞ்சல் சங்கிலியை மட்டும் வேண்டுமானால் பார்க்கலாம் என்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிறதே, அங்கிருந்து ஒருவரும் வந்து பார்த்தார். விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தைத் திருகிக் கழற்றி மரையைப் பார்த்தார், வார்ப்பைத் தட்டிச் சத்தம் கேட்டார். எடைக்கு மேலே கொஞ்சம் சேர்த்து ஒரு விலை சொன்னார். அப்புறம் தவலையைத் திருப்பி, "பேர் வெட்டியிருக்கு, இதைத் தேய்க்கணும், அதுக்கு ஒரு ஆள் கூலி போகும்" என்று குறைத்தார்.

அந்தப் பேர் எங்கள் பாட்டியுடையது. சீர் கொடுத்தபோது புள்ளி புள்ளியாய்க் கொத்திக் கொடுத்தது, இனிஷியலும் ஊர் பெயரும். எங்கள் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. வியாபாரிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அன்று ராத்திரி என் தம்பி ஒரு யோசனை சொன்னான். அவன் பருத்தி போடுகிறவன், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலம் அவனுக்கு அத்துப்படி. அங்கே வியாபாரிகள் குவியலைப் பார்த்துவிட்டு விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், யார் என்ன எழுதினார் என்று திறக்கும்வரை தெரியாது. அதையே செய்வோம் என்றான். எல்லாச் சாமானுக்கும் எண் போட்டு ஒட்டினோம். பெண் பிள்ளைகள், மருமகள்கள் எல்லாருக்கும் சீட்டு. வேண்டியதற்கு விலை எழுதிப் போடலாம், வேண்டாததை விட்டுவிடலாம். வருகிற பணம் மொத்தமும் பொதுவில் சேர்ந்து சமபங்காகப் பிரியும்.

என்ன வேடிக்கை என்றால், பெரிய விளக்கு ஜோடிக்கு நாலு சீட்டுகூட விழவில்லை. பிளாட்டில் எங்கே வைப்பது? வெற்றிலைச் செல்லத்துக்குத்தான் அடிதடி. அதில் இன்னும் அம்மாவின் வாசனைப் புகையிலை மணம் இருந்தது. கடைக்காரர் முந்நூறு சொன்ன அந்தச் செல்லத்துக்குச் சென்னையில் இருக்கும் சின்னத் தங்கை 11,000 எழுதியிருந்தாள். அக்கா 10,500. சீட்டைப் பிரித்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள், தங்கை தருகிறேன் என்றாள், அக்கா 'ஏலம்னா ஏலம்தான்' என்று வாங்க மறுத்தாள். வாய்விட்டுக் கேட்கிற ஏலமாக இருந்தால் அன்றைக்கே ரெண்டு பேரும் பேச்சை விட்டிருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஊஞ்சல் சங்கிலியை மட்டும் நிறுவனம் வழியாக விற்றோம். பேர் வெட்டிய தவலை என்னிடம் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து

நான் வாங்குகிற கட்சி. அதனால் நான் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

முதல் விஷயம், உலோகச் சிலை. ஏலத்தில் வந்தாலும், நேரில் வந்தாலும், சொந்தக்காரர் கொண்டு வந்தாலும், பதிவுச் சான்றும் பூர்வீகமும் கையில் இல்லாமல் பழைய சாமி சிலையைத் தொடாதீர்கள். நம் மண்ணில் இது விளையாட்டு இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிவபுரம் நடராஜர் 1950-களில் பழுதுபார்க்கப் போனார், திரும்பி வந்தது நகல். அசல் அமெரிக்காவில் ஒரு சேகரிப்பாளரிடம் போய், 1986-இல்தான் திரும்பியது. திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராஜர் 1976-இல் மண்ணிலிருந்து வெளியே வந்து லண்டன்வரை போனார். கோயிலே வழக்காடி ஜெயித்து 1991-இல் சிலை திரும்பியது. சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-இலிருந்து இருக்கிறது. 2023-இல்கூட சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட சிலைகளும் தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகளும் கிடைத்தன. மண்ணுக்குள் இன்னும் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் எல்லார் கண்ணும் நம் மேல்.

இதில் இன்னொரு கூத்து, பழசு என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை பழசே இல்லை. சுவாமிமலையில் போன தை மாதம் வார்த்த சிலையை அமிலம் பூசி, உப்பும் சாணியும் கலந்த குழியில் புதைத்துப் பச்சை ஏற்றி, 'வயலில் கிடைத்தது' என்று ரகசியம் பேசுவார்கள். ஸ்தபதிகள் செய்கிற வேலை இல்லை இது, நடுவில் இருக்கிறவர்களின் வேலை. ஸ்தபதியிடம் நேராகப் போனால் அவரே புதுசு என்று சொல்லி, பில் போட்டு, வெளிநாட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமானால் தொல்பொருள் அல்ல என்ற சான்றுக்கும் வழி சொல்லுவார். எனக்குப் பிடித்த சோமாஸ்கந்தர் அப்படி வாங்கியதுதான். நூறு வருடம் கழித்து அதுவும் பழசாகும், என்ன அவசரம்?

இரண்டாவது, ஏலத்தில் பக்கத்தில் உட்கார்கிறவர்கள். சென்னையில் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை அங்கேயே வைத்து ஏலம் விட்டார்கள். எனக்குக் கண் இரண்டு தஞ்சாவூர்த் தட்டுகள் மேல். நடுவில் வெள்ளியில் ரிஷபாரூடர், அதாவது காளை மேல் அமர்ந்த சிவன், உளியால் தட்டி எழுப்பியது, அச்சில் அழுத்தியது இல்லை. மாட்டின் திமிலில் உளி வழுக்கிய ஒரு கீறல்கூட இருந்தது, அச்சில் அது வராது. ஏலம் ஆரம்பிக்கும்முன் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து தோளில் கை போட்டார். "தஞ்சாவூரா? நம்ம ஊரு. நீங்க கேக்காதீங்க, நாங்க எடுத்து உங்களுக்கு நல்ல விலைக்குத் தர்றோம்." சிண்டிகேட். ஒருவர் மட்டும் கேட்பார், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள், குறைந்த விலையில் எடுத்துவிட்டு வெளியே டீக்கடையில் தங்களுக்குள் மறு ஏலம் போட்டு வித்தியாசத்தைப் பிரித்துக்கொள்வார்கள். நஷ்டம் விற்கிற வீட்டுக்காரருக்கு.

நான் சிரித்துவிட்டு, கேட்டேன். அவர்கள் ஏற்றினார்கள், நானும் ஏற்றினேன். மனதில் போட்டு வைத்த தொகைக்கு ஆயிரம் கீழேயே தட்டுகள் வந்தன. அவர்கள் அதற்கு மேல் போகவில்லை என்றால் அந்த விலையிலும் லாபம் இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், அதுவும் தெரியும். எனக்கு விற்பதற்கு இல்லையே. வெளியே வரும்போது வேட்டிக்காரர் "வீட்டுக்கு எடுத்தீங்களா, வியாபாரத்துக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு என்றதும் முகம் தெளிந்து, பிரேம் போடாதீங்க, காத்து படட்டும் என்று ஒரு யோசனையும் சொன்னார்.

இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் கேட்கிறேன். சிண்டிகேட் தொல்லை குறைவு, ஆனால் பொருளைத் தொட்டுப் பார்க்க வழி இல்லை. 'உள்ளது உள்ளபடி' என்று நிபந்தனையில் இருக்கும், வாங்கிய பிறகு விரிசலைக் காட்டி அழ முடியாது. கண்டிஷன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், பின்பக்கப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து

முதல் பதிவு போட்ட அண்ணாவுக்கு ஒரு கேள்வி. அந்த 2 லட்சத்துக்கு வரி உண்டா? திருவாரூர் அக்கா விற்ற ஊஞ்சல் சங்கிலிக்கும் உண்டா? இன்னொன்று, எங்கள் வீட்டில் தாத்தா வாசித்த தஞ்சாவூர் வீணை ஒன்று இருக்கிறது, அதை ஏலத்தில் எடுப்பார்களா?

கும்பகோணத்திலிருந்து

தம்பி, ஆடிட்டர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். சொந்த உபயோகப் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. அண்டா, தவலை, ஊஞ்சல் எல்லாம் அதில் வரும். ஆனால் நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை, வீட்டில் மாட்டியிருந்தாலும் சரி. ஊஞ்சல் சங்கிலியில் யானையும் யாளியும் இருந்தால் கலைப்பொருளா இல்லையா என்று ஆடிட்டர்களுக்குள்ளேயே வாதம் வரும், அக்கா அதை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பூர்வீகமாக வந்ததற்கு, 2001 ஏப்ரல் 1 அன்று அதன் சந்தை மதிப்பு என்னவோ அதை வாங்கிய விலையாகக் காட்டலாம். ஆதாயத்தில் 12.5 சதவீதம். எங்களுக்கு ஐந்து பங்காகப் பிரிந்ததால் பெரிய தொகையாக வரவில்லை. மதிப்பீட்டாளரிடம் 2001-ஆம் ஆண்டு மதிப்புக்கு எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். பணத்தை ரொக்கமாகக் கேட்காதீர்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பணத்தைப் பெற்றவர்தான் மாட்டுவார். நிறுவனம் பணம் போட ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், வாங்கினவர் கட்டிய பிறகுதான் நமக்கு வரும். ஒப்பந்தத்தில் அந்த நாள் கணக்கு எழுதியிருக்கும், கையெழுத்துப் போடும்முன் அதையும், விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் பாருங்கள்.

வீணையைப் பொறுத்தவரை, முதலில் உருண்டையான குடமும் நீளமான தண்டியும் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையாக இருந்தால் மதிப்பு அதிகம், ஒட்டு வீணை என்றால் குறைவு. அடுத்து, குடத்தின் மேல் ஓரத்தில் வெள்ளையாக வேலைப்பாடு இருக்கிறதா? பழைய வீணைகளில் அது தந்தமாகவோ மான் கொம்பாகவோ இருக்கும், பிற்பாடு வந்தவற்றில் பிளாஸ்டிக். தந்தமாக இருந்தால் எவ்வளவு பழசாக இருந்தாலும் விற்கச் சட்டத்தில் இடம் இல்லை, எந்த நிறுவனமும் எடுக்காது. மான் கொம்புக்கும் அதே கதிதான். தாத்தா காலத்தில் வனத்துறையில் உடைமைச் சான்று ஏதாவது வாங்கியிருக்கிறார்களா என்று பழைய காகிதங்களில் தேடிப் பாருங்கள். தந்தம் இல்லை என்று உறுதியானால் யாளி முகம், குடத்தின் பின்பக்கம், சுரைக்காய் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், எங்கள் படத்தைப் பார்க்க வந்த அந்தப் பெண்ணிடமே கேட்டுச் சொல்கிறேன். தாத்தா அதை மடியில் வைத்து வாசிக்கிற போட்டோ ஒன்று எங்காவது இருக்கும், அதையும் சேர்த்து அனுப்பு.